நாணயமும் மோட்டார் வண்டியும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையும் நாணயம். வாணிகம் செய்வோருக்கு இவ்விரண்டும் வேண்டும். காசு குறைந்தவன் நேர்மையைக் காட்டிக் கடன் பெற்றுத் தொழிலை நடத்தலாம். நேர்மை குறைந்தவனுக்கோ காசு எவ்வளவு இருந்தும் நெடுநாள் நிலைத்தல் அரிது. கொரிய மக்களிடத்தும் இக்கருத்தைக் குறிக்க ஒரு சொல் உண்டு. ‘சின்யோங்’ என்பது அச்சொல். கடன், நம்பிக்கை என்னும் இரு பொருளையும் அது ஒருங்கே தரும். அந்தச் சின்யோங்கை முதலாகக் கொண்டு எழுந்து, இடையிலே அதனை இழந்து, பெருவிலை கொடுத்து மீட்டுக்கொண்ட ஒரு தொழில் நிறுவனத்தின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன். தென் கொரியாவின் ஹியுண்டாய் மோட்டார் நிறுவனமே அது.

இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சுங் ஜூ யுங் என்பவர். 1915ஆம் ஆண்டு, இன்று வட கொரியாவைச் சேர்ந்த ஒரு மலைநாட்டுக் கிராமத்தில், ஏழை உழவர் குடும்பத்தின் தலைமகனாக அவர் பிறந்தார். அக்காலத்திலே கொரியா முழுவதும் யப்பானியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. உழுது பிழைப்பதில் உய்வில்லை எனக் கண்ட இளைஞர், வீட்டாருக்குத் தெரியாமல் பன்முறை நகரத்துக்கு ஓடினார். ஒருமுறை, தந்தையார் பசு விற்று வைத்திருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு சென்றார். தந்தையார் தேடி வந்து மகனை ஊருக்கு அழைத்துச் சென்றார். எனினும் அவர் மனம் ஊரில் நிலைக்கவில்லை. இறுதியாகச் சியோல் நகரை அடைந்து ஓர் அரிசிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அவருடைய உழைப்பையும் நேர்மையையும் கண்ட கடைக்காரர், சில ஆண்டுகளில் கடையையே அவரிடம் ஒப்படைத்தார். ஆனால் யப்பானிய அரசாங்கம் அரிசியைப் பங்கீட்டு முறைக்குள் கொண்டுவந்தபோது, 1939இல் அக்கடை மூடப்பட்டது.

அரிசி போனால் வேறு தொழில் எது என்று எண்ணியவர், 1940இல் மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் ஒரு கராஜைக் கடன்பட்டு வாங்கினார். வாங்கிய சில நாட்களிலேயே அது தீப்பற்றி எரிந்தது. திருத்துவதற்கென்று பிறர் விட்டுச்சென்ற வண்டிகளும் அத்தீயில் வெந்தன. கையிலே காசில்லை, கழுத்துவரை கடன். அந்நிலையில் அவர் முன்னர்க் கடன் தந்தவரிடமே மீண்டும் சென்றார். ஈடு எதுவும் வாங்காமல், ஆளை நம்பியே கடன் கொடுத்துப் பழகிய அந்த முதியவர் மறுபடியும் கடன் கொடுத்தார். சுங் ஜூ யுங் தம் வாழ்நாள் முழுவதும் சின்யோங்கைப் பற்றிப் பேசியதற்கு இந்த அனுபவமே வித்து எனலாம்.

போர்க்காலத்திலே அவருடைய கராஜ் அரசாங்கக் கட்டளையால் வேறொரு தொழிலகத்தோடு சேர்க்கப்பட்டது. யப்பானியர் 1945இல் வெளியேறினர். மறு ஆண்டிலே சுங் ஜூ யுங் சியோல் நகரில் மீண்டும் ஒரு கராஜைத் திறந்து அதற்கு ‘ஹியுண்டாய்’ என்று பெயரிட்டார். கொரிய மொழியிலே ‘தற்காலம்’ என்பது அதன் பொருள். 1947இல் கட்டடத் தொழிலிலும் இறங்கினார். அதன்பின் வந்தது கொரியப் போர். 1950இல் தொடங்கி 1953 வரை நடந்த அப்போரிலே பாலங்கள் இடிந்தன, வீதிகள் சிதைந்தன, நகரங்கள் சாம்பராயின.

இடிந்த பாலங்களுள் ஒன்று நக்டோங் ஆற்றின் மேலிருந்த கொரியோங் பாலம். அதனைத் திருத்திக் கட்டும் ஒப்பந்தத்தை ஹியுண்டாய் 1953இல் ஏற்றது. வெள்ளம் ஒருபுறம், கருவிகள் இல்லாமை ஒருபுறம், நாளுக்கு நாள் ஏறிய விலைவாசி மற்றொருபுறம். ஒப்பந்தத் தொகையையும் விஞ்சிய நட்டம் வந்தது. வேலையை நடுவே கைவிடுமாறு பலர் புத்தி கூறினர். சுங் ஜூ யுங் கேட்கவில்லை. குடும்பத்தாரின் வீடுகளும் பழைய கராஜ் இருந்த நிலமும் விற்கப்பட்டன. 1955இல் பாலம் முடிந்தது. பணத்தை இழந்தவர் பெயரை ஈட்டினார். நட்டப்பட்டும் வாக்கைக் காத்த நிறுவனம் என்பதனால், சியோல் நகரின் ஹான் ஆற்றுப் பாலத்தைப் புதுப்பிக்கும் பெரும்பணியை அரசாங்கம் பின்னர் அதற்கே அளித்தது.

அக்காலத்திலே கொரியாவில் மோட்டார் வண்டி செய்யும் தொழில் எந்நிலையில் இருந்தது? 1955இல் சியோல் நகரில் ‘சிபால்’ என்னும் வண்டி ஒன்று செய்யப்பட்டது. ‘சிபால்’ என்றால் தொடக்கம் என்பது பொருள். அமெரிக்க இராணுவம் கழித்த ஜீப் வண்டிகளின் பாகங்களை எடுத்து, எண்ணெய்ப் பீப்பாய்களின் தகரத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, அதனைக் கொண்டு உடலமைத்த வண்டி அது. இந்த நிலையிலிருந்த நாடு ஒருநாள் உலகுக்கு மோட்டார் வண்டி விற்கும் என்று அன்று கூறியிருந்தால், கேட்டவர் நகைத்திருப்பர்.

ஹியுண்டாய் மோட்டார் நிறுவனம் 1967ஆம் ஆண்டு டிசெம்பரில் அமைக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு சுங் ஜூ யுங்கின் தம்பியார் சுங் செ யுங்கிடம் விடப்பட்டது. தென்கிழக்குக் கரையிலுள்ள உல்சான் என்னும் ஊரிலே தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்காவின் போர்ட் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, 1968இல் ‘கோட்டினா’ வண்டிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். நாட்டிலோ நல்ல வீதிகள் குறைவு. செப்பனிட்ட தெருக்களுக்கென்று அமைந்த கோட்டினா, கொரியாவின் கற்பாதைகளில் அடிக்கடி பழுதுற்றது. வாடகைக் கார் ஓட்டுவோர் சினந்து முறையிட்டனர். ஹியுண்டாய் பெற்ற முதல் அவப்பெயர் இதுவே.

வண்டிக்கு ஏற்ற வீதியும் வேண்டுமன்றோ? சியோல் நகரிலிருந்து பூசான் துறைமுகம் வரை 428 கிலோமீற்றர் நீளமான நெடுஞ்சாலை 1968இல் தொடங்கப்பெற்று 1970 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் பெரும் பகுதிகளைக் கட்டியதும் ஹியுண்டாய்க் கட்டட நிறுவனமே. அவ்வேலையில் 77 பேர் உயிரிழந்தனர். கொரியாவின் விரைந்த வளர்ச்சியைப் புகழ்வோர் அந்த 77 பேரையும் நினைத்தல் வேண்டும்.

போர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எஞ்சின் செய்யும் பேச்சு நெடுநாள் நடந்து, 1973இல் முறிந்தது. பிறர் வண்டியைப் பொருத்துபவராகவே என்றும் இருப்பதா, தமக்கென ஒரு வண்டி செய்வதா என்னும் வினா அப்போது எழுந்தது. கொரிய அரசாங்கமும் உள்நாட்டு வண்டி வேண்டுமென்று வற்புறுத்தியது. ஹியுண்டாய் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. அறிவு எங்கே இருந்ததோ அங்கே சென்று விலைக்கு வாங்கியது. பிரித்தானியாவின் லேலண்ட் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஜோர்ஜ் டேண்புல் என்பவரை 1974இல் அமர்த்தியது. அவரோடு பிரித்தானியப் பொறியியலாளர் சிலரும் உல்சானுக்கு வந்தனர். வண்டியின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோர்ஜெற்றோ ஜியுஜியாரோ. எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் யப்பானின் மிற்சுபிசி நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் வந்தன. இவ்வாறு நால்வர் அறிவைக் கூட்டிச் சமைத்த வண்டிக்கு, மட்டக்குதிரை என்னும் பொருள்பட, ‘போனி’ என்று பெயரிட்டனர். 1974இன் இறுதியில் இத்தாலியின் தூரின் நகரக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1976இல் கொரிய வீதிகளில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் தென் அமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டுக்குச் சில வண்டிகள் கப்பலேறின.

1984இல் கனடாவிலே போனி விற்பனைக்கு வந்தது. விலை மலிவாகையால் எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு விற்றது. அவ்வெற்றியைக் கண்டு, 1986இல் அமெரிக்க ஐக்கிய நாட்டினுள் ‘எக்ஸெல்’ என்னும் வண்டியோடு ஹியுண்டாய் நுழைந்தது. விலை 4,995 டொலர். முதலாண்டில் மாத்திரம் 168,882 வண்டிகள் விற்றன. அமெரிக்காவுக்குள் புதிதாய் வந்த எந்த அந்நிய நிறுவனமும் அதற்கு முன் முதலாண்டில் அத்தனை வண்டிகளை விற்றதில்லை. அடுத்த ஆண்டு விற்பனை இரண்டரை இலட்சத்தையும் கடந்தது.

ஆனால் நேயர்களே, விற்பனை வேறு, பெயர் வேறு. இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியதும் எக்ஸெல் வண்டிகள் பழுதுபடலாயின. வாங்கிய பலர் முதன்முறையாகப் புதுவண்டி வாங்கியோர். தவணைப் பணத்துக்கே உழைப்போர். வண்டி வீதியோரத்தில் நின்றால் அவர்களுடைய வேலையும் நின்றது. விற்கப் போனால் வாங்குவாரில்லை. கட்டவேண்டிய கடனோ வண்டியின் பெறுமதியைவிட மிகுந்து நின்றது. தவணை கட்ட இயலாதார் வண்டியைத் திருப்பி விட்டுச் சென்றனர். அவ்வண்டிகள் பழைய வண்டிச் சந்தையிற் குவிந்து, விலையை மேலும் வீழ்த்தின. தொலைக்காட்சிக் கோமாளிகளுக்கு ஹியுண்டாய் என்னும் பெயரே நகைச்சுவையாயிற்று. விண்வெளி வீரரை அஞ்சவைக்க வேண்டுமானால் அவருடைய விண்கலத்திலே ஹியுண்டாய்ச் சின்னத்தை ஒட்டிவிட்டாற் போதும் என்று கேலி செய்தனர். 1998இல் அமெரிக்க விற்பனை ஏறத்தாழ 90,000 வண்டிகளாக வீழ்ந்தது. கனடாவின் புரோமொண்ட் என்னும் ஊரில் 1989இல் திறந்த தொழிற்சாலையோ, 1993இலேயே மூடப்பட்டுவிட்டது.

பாலத்தை நட்டத்திலும் கட்டி முடித்தவரின் நிறுவனத்துக்கு இந்நிலை ஏன் வந்தது? விரைவாகச் செய்யக் கற்றவர்கள், நெடுங்காலம் உழைக்கச் செய்யக் கற்கவில்லை. மலிவாக விற்கும் அவசரத்திலே சோதனைக்குரிய காலம் சுருங்கியது. தொழிற்சாலைக்குள்ளும் அமைதி இல்லை. உல்சானிலே தொழிலாளரின் தலைமயிர் எவ்வளவு நீளமாயிருக்கலாம் என்பதையும் நிருவாகமே விதித்தது. 1987இல் கொரிய மக்கள் இராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்த கோடையிலே, உல்சான் தொழிலாளரும் சங்கம் அமைத்து வீதிக்கு வந்தனர். கூலி உயர்வோடு, தலைமயிர்க் கட்டுப்பாடு நீங்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. தன் மானத்தை மதிக்காத இடத்திலே, தன் கைவேலையை ஒருவன் எவ்வளவு மதிப்பான்?

இருண்ட அந்த ஆண்டுகளிலும் ஒரு நல்வித்து முளைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்காக யப்பானை நம்பியிருக்கும்வரை உண்மையான சுதந்திரம் இல்லை என்று கண்ட நிறுவனம், 1980களின் நடுவிலே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்துத் தானே எஞ்சின் செய்ய முயன்றது. செய்த எஞ்சின்கள் சோதனையிலே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. உடைந்தவற்றைப் பிரித்து, உடைந்த காரணத்தை அறிந்து, மீண்டும் செய்தனர். 1991இல் ‘அல்பா’ என்னும் எஞ்சின் வெளிவந்தது. கொரியர் தாமே வகுத்தமைத்த முதல் மோட்டார் எஞ்சின் இதுவே.

இனி 1998ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹியுண்டாயின் வரலாற்றிலே இதுபோன்ற இன்னோர் ஆண்டு இல்லை. முந்திய ஆண்டின் இறுதியிலே ஆசியப் பொருளாதார நெருக்கடி கொரியாவைத் தாக்கியது. நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. மிதிவண்டிப் பாகங்கள் செய்வதற்கென 1944இல் தொடங்கி, மோட்டார் நிறுவனமாய் வளர்ந்திருந்த கியா, கடன் சுமை தாங்காது விழுந்தது. விழுந்த கியாவை 1998இல் ஹியுண்டாய் வாங்கியது.

அதே ஆண்டின் கோடையில், ஆட்குறைப்பை எதிர்த்து உல்சான் தொழிலாளர் 36 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இறுதியிலே உடன்பாடு பிறந்தது. 277 பேர் மாத்திரம் நீக்கப்பட்டனர். அவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் தொழிற்சாலை உணவுச்சாலையிலே சமையல் செய்த பெண்கள். வேலைநிறுத்தக்காரருக்குச் சோறு சமைத்துக் கொடுத்த கைகளே முதலில் வேலையிழந்தன. நிறுவனமும் சங்கமும் சேர்ந்து ஒப்பிய முடிவு அது என்பதை வரலாறு மறக்கவில்லை.

அவ்வாண்டு ஜூனில் உலகம் வியந்த காட்சி ஒன்று நிகழ்ந்தது. முதுமையடைந்த சுங் ஜூ யுங், 500 மாடுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு, தென் கொரியாவையும் வட கொரியாவையும் பிரிக்கும் எல்லையைக் கடந்து, தாம் பிறந்த வடநாட்டுக்குச் சென்றார். ஒக்டோபரில் மேலும் 501 மாடுகளைக் கொண்டுசென்றார். தந்தையிடம் எடுத்த ஒரு பசுவின் விலைக்கு ஆயிரமாய்த் திருப்பிக் கொடுப்பதாக அவர் சொன்னார். 2001இல் அவர் காலமானார்.

செப்டெம்பரில் இன்னொரு நிகழ்ச்சி. சென்னைக்கு அண்மையில், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் அமைத்த தொழிற்சாலையிலிருந்து, ‘சான்றோ’ என்னும் சிறுவண்டி சந்தைக்கு வந்தது. தொண்டை நாட்டு மண்ணிலே செய்யப்பட்ட வண்டிகள் பின்னர்ச் சென்னைத் துறைமுகத்திலிருந்து பல நாடுகளுக்கும் சென்றன.

ஆயினும் பெயரை மீட்டது அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவிலே கொடுத்த ஒரு வாக்கு. எஞ்சினுக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் 10 ஆண்டு, அல்லது 100,000 மைல் உத்தரவாதம் என்று ஹியுண்டாய் அறிவித்தது. புதிதாய் வாங்கிய முதல் உரிமையாளருக்கே அது உரியது. கேட்டவர் திகைத்தனர். நகைப்புக்கு இடமான நிறுவனம் இவ்வாறு வாக்களித்தால் திவாலாகிவிடும் என்றோரும் உளர்.

இந்த வாக்கின் உட்பொருளை நாம் ஆராய்தல் வேண்டும். அதுவரை வண்டி பழுதுற்றால் நட்டம் வாங்கியவனுடையது. இனி நட்டம் செய்தவனுடையது. தளர்வாய் முறுக்கிய ஓர் ஆணி ஒன்பது ஆண்டுகளின் பின் கழன்றாலும், அதற்குரிய பணம் உல்சானிலிருந்தே போகவேண்டும். ஆகவே வரைபவர், பாகம் செய்து கொடுப்பவர், பொருத்துபவர் அனைவரும் முன்னரே விழித்திருக்க வேண்டியதாயிற்று. தலைமைப் பதவிக்கு வந்த சுங் ஜூ யுங்கின் மைந்தர் சுங் மொங் கூ, வண்டியின் தரத்தைப் பற்றியே அடிக்கடி கூட்டங்கள் நடத்தினார். அன்று பாலம் கட்டிய தந்தை எவ்வாறு நட்டத்தைத் தம் தலையில் ஏற்று நாணயத்தைக் காத்தாரோ, அவ்வாறே இந்நிறுவனமும் நட்டத்தைத் தன் தலையில் ஏற்றது.

பயன் விரைந்து வந்தது. 2004இல் அமெரிக்காவிலே ஜே. டி. பவர் நிறுவனம் புது வண்டிகளின் குறைபாடுகளைக் கணக்கெடுத்தபோது, ஹியுண்டாய் டொயோட்டாவுக்கு அடுத்ததாக, ஹொண்டாவோடு சமமாய் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 2005இல் அலபாமா மாநிலத்திலே ஹியுண்டாய்த் தொழிற்சாலை திறந்தது. 2009இல் அமெரிக்காவில் வேலையில்லாமை பெருகியபோது, புது வண்டி வாங்கியவர் ஓராண்டுக்குள் வேலையிழந்தால் வண்டியைத் திருப்பித் தரலாம் என்று அறிவித்தது. முன்னொரு காலம் தவணை கட்ட முடியாது வண்டியை விட்டுச் சென்றோரின் கதையை எண்ணும்போது, இவ்வறிவிப்பின் அருமை விளங்கும். 2022இல், ஹியுண்டாயும் கியாவும் சேர்ந்த குழுமம் விற்பனையில் உலகின் மூன்றாம் இடத்தை எய்தியது.

இத்தோடு கதை இனிதே முடிந்தது என்று கூறிவிடலாகாது. சுங் மொங் கூ நிறுவனப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 2007இல் தண்டிக்கப்பட்டார். சிறைத்தண்டனை பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. 2008இல் மன்னிப்பும் கிடைத்தது. வண்டிகள் எரிபொருளைச் சிக்கனமாய்ச் செலவிடுவதாக மிகைப்படுத்திச் சொன்னமை 2012இல் வெளிப்பட்டது. அதன் விளைவாக 2014இல் 10 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதனினும் பெரிது எஞ்சின் குறைபாடு. ‘தீற்றா’ என்னும் எஞ்சினிலே குறையிருந்து, வண்டிகள் ஓடும்போதே நின்றன, சில தீப்பற்றின. 2015இல் ஒரு பகுதி வண்டிகள் திருப்பியழைக்கப்பட்டன. 2017இல் இரு நிறுவனங்களும் மேலும் ஏறத்தாழ 12 இலட்சம் வண்டிகளைத் திருப்பியழைத்தன. உரிய காலத்திலே செய்யவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் குறைகூறினர். 2020இல் இரு நிறுவனங்களும் 21 கோடி டொலர் பெறுமதியான தண்ட உடன்பாட்டுக்கு இசைந்தன.

இக்குறையை வெளிப்படுத்தியவர் ஹியுண்டாயிலேயே பல்லாண்டு உழைத்த ஒரு பொறியியலாளர். 2016இல் அவர் அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்னார். சொன்னதால் வேலையை இழந்தார். 2021இல் அமெரிக்க அரசாங்கம் அவருக்கு 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைச் சன்மானமாக அளித்தது. நிறுவனத்தின் சின்யோங்கை உண்மையில் காக்க முயன்றவர் யார்? குறையை மூடி வைத்தோரா, அதனை வெளியே சொன்ன அவரா?

ஒரு தொழிலின் நற்பெயர் வங்கியிலே இட்டுவைத்த பணம் போன்றதன்று. இட்டது பெருகும் என்று உறங்கியிருத்தற்கு இல்லை. அது அன்றாடக் கூலி போன்றது. அன்றன்று உழைத்தே பெறுதல் வேண்டும். ஹியுண்டாய் தழைத்த காலங்களைப் பார்த்தால், தன் தவற்றின் செலவைத் தானே தாங்கிய காலங்களாக அவை இருக்கின்றன. அச்செலவை வாங்குவோன் மேலும், சமையற்காரப் பெண் மேலும், உண்மை பேசியவன் மேலும் சுமத்திய காலங்களிலே அதன் பெயர் தாழ்ந்திருக்கின்றது. எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்திலே வண்டி செய்த ஒரு நாடு, ஒரு தலைமுறைக்குள் உலக வீதிகளில் இடம்பிடித்தது பெருஞ்சாதனையே. அச்சாதனையைப் போற்றும் நாம், அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையும் உடன் எண்ணுதல் நன்று.